விரலுக்கு அடியில் மாறிய பெயர்

"நான் என் பெயரைத்தான் தொட்டேன்" என்று அந்தப் பெரியவர் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் தலையாட்டினேன். ஒரு முறைகூட நம்பவில்லை. அவர் பேசியது கிரியோல், மொரீஷியஸ் மக்களின் பேச்சுமொழி. பக்கத்தில் நின்ற தமிழ் டீச்சர் அதைத் தமிழாக்கி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழாக்கம் தேவைப்படவில்லை. பத்து வருடமாக இங்கே கணினி நிறுவனங்கள் நிறைந்த எபெனில் நிரல் எழுதும் வேலை பார்ப்பவனுக்கு அந்த அளவு கிரியோல் புரியும். ஆனாலும் டீச்சர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன். என்ன பதில் சொல்வது என்று யோசிக்க அது அவகாசம் கொடுத்தது.

2024 ஜனவரி. தைப்பூசக் காவடிக்கு ஒரு வாரம்கூட இல்லை. காவடி எடுப்பவர்கள் பதிவு செய்துகொள்ளக் கோவிலுக்கு ஒரு சின்ன இணையப் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். சம்பளம் இல்லாத வேலை, அதனால் அதில் எனக்குச் சம்பள வேலையைவிடக் கொஞ்சம் கூடுதல் கர்வம். பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டினால் போன வருடப் பதிவிலிருந்து குடும்பங்களின் பெயர்கள் பட்டியலாக விழும். தன் பெயரைத் தொட்டால் நட்சத்திரம், வீட்டில் எத்தனை காவடி, எத்தனை பால்குடம் எல்லாம் தானே நிரம்பிவிடும். கடைசியில் ஒரு சீட்டு. அந்தச் சீட்டை வைத்துத்தான் குருக்கள் சங்கல்பத்தில் பெயர் சொல்வார். பெரியவரின் சீட்டில் வேறொரு முத்துசாமியின் பெயரும் வேறொரு நட்சத்திரமும் அச்சாகியிருந்தன.

மொரீஷியஸில் முத்துசாமி என்பது ஒரு பெயர் அல்ல; ஒரு கூட்டம். அந்தக் காலத்தில் பதிவேட்டில் எழுதிய குமாஸ்தாவின் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படி ரோமன் எழுத்தில் உறைந்துபோனவை இந்தப் பெயர்கள். ஒரு குமாஸ்தா பிரெஞ்சுக் காதோடு கேட்டிருப்பார், இன்னொருவர் ஆங்கிலக் காதோடு. அண்ணன் தம்பி வம்சங்களே ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலோடு இருக்கின்றன. அதனால் தேடலை எழுத்துக்கு எழுத்து பொருத்தாமல் ஒலிக்கு ஒலி பொருத்தும்படி எழுதியிருந்தேன். முதல் இரண்டு எழுத்துக்கு நாற்பது பேர் வருவார்கள்; இன்னும் ஓர் எழுத்து சேர்ந்தால் மூன்று பேராகக் குறைவார்கள். அலுவலகத்தில் தோழர்களிடம் காட்டியபோது எல்லோரும் பாராட்டினார்கள்.

பெரியவரின் புகாரைக் கேட்டதும் மடிக்கணினியைத் திறந்து, பக்கத்துக்கு விடை அனுப்பும் கணினியான சர்வரில், யார் எதைத் தொட்டார்கள் என்று தானே எழுதிவைக்கும் பதிவைப் பார்த்தேன். அவர் தேர்ந்தெடுத்த எண் அந்த இன்னொரு முத்துசாமியின் எண்தான். பதிவு தெளிவாக இருந்தது. "விரல் தவறிப் பட்டிருக்கும், டீச்சர். வயதானவர், கை நடுக்கம் இருக்கும்" என்றேன், அவருக்குத் தமிழ் புரியாது என்ற தைரியத்தில். டீச்சர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். புத்தகத் தமிழில்தான் பேசுவார். "தம்பி, அவர் தச்சர். இப்போதும் உளி பிடிக்கிறார். அவர் கை நடுங்காது."

சர்வர் பதிவு பொய் சொல்லவில்லை. தச்சரும் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

ஒற்றை விரல்

"சரி, எப்படிச் செய்தீர்கள் என்று காட்டுங்கள்" என்று அவரைச் சமையல்கூடத்துச் சுவரோரம் பெஞ்சில் உட்காரவைத்தேன். தடித்த கான்கிரீட் சுவர். கைப்பேசியில் சிக்னல் ஒற்றைக் கோடாக இருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும். ஓர் எழுத்தைத் தட்டினார். அடுத்த எழுத்து எங்கே என்று விசைப்பலகை முழுவதும் தேடினார். தட்டினார். மறுபடியும் தேடினார். நானாக இருந்தால் அரை வினாடியில் முடித்திருப்பேன். அவருக்கு எழுத்துக்கு ஒரு வினாடிக்கு மேல் ஆனது. மூன்றாவது எழுத்து விழுந்தது. சிறிது நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மூன்று பெயர்கள் வந்தன. இரண்டாவது அவருடையது. அவர் அதை வாய்விட்டுப் படித்தார். விரலை மேலே தூக்கினார். அது இறங்கத் தொடங்கிய நேரத்தில் பட்டியல் ஒரு முறை சிமிட்டியது. மூன்று பெயர்கள் இருந்த இடத்தில் நாற்பது பெயர்கள். இரண்டாவது இடத்தில் யாரோ ஒரு முத்துசாமி. விரல் அவர்மேல் இறங்கியது.

பெரியவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. உளி வழுக்கினால் மரத்தைப் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை.

நடந்தது இதுதான். அவர் இரண்டாவது எழுத்தைத் தட்டியதும் என் இணையப் பக்கம் சர்வருக்கு ஒரு கேள்வியை அனுப்பியது. மூன்றாவது எழுத்துக்கு இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடை பெரியது: நாற்பது பேர், ஒலிப் பொருத்தம் பார்க்கச் சர்வருக்கும் கூடுதல் நேரம், வந்து சேரவும் கூடுதல் நேரம். இரண்டாவது கேள்விக்கு விடை சின்னது. பின்னால் கிளம்பிய சின்ன விடை முன்னால் வந்துவிட்டது. முன்னால் கிளம்பிய பெரிய விடை மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்து, தான்தான் புதியது என்று திரையில் உட்கார்ந்துகொண்டது. எந்த விடை கடைசியாக வந்ததோ அதைக் காட்டு என்றுதான் நான் எழுதியிருந்தேன். எந்தக் கேள்வி கடைசியாகக் கேட்கப்பட்டதோ அதன் விடையைக் காட்டு என்று எழுதவில்லை. அலுவலகத்தின் ஃபைபர் இணைப்பில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

சர்வர் ஐரோப்பாவில் இருந்தது. மலிவாகக் கிடைத்தது என்று எடுத்தது. கண்ணாடி இழைக்குள் ஒளியே வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர்தான் ஓடும். இந்தத் தீவிலிருந்து அவ்வளவு தூரம் கடலடியில் போய்த் திரும்ப, கேபிள் சுற்றும் சுற்றையும் சேர்த்தால், கால் வினாடி சுலபமாகப் போய்விடுகிறது. இங்கே தெற்குக் கரையில் பே து ஜாகோட்டேயில் கரையேறும் சேஃப் கேபிள் 2002-இல் வந்தது. ஒரு பக்கம் தென்னாப்பிரிக்காவுக்கும் இன்னொரு பக்கம் கொச்சி வழியாகப் பினாங்குக்கும் போகிறது. மாயவரத்திலிருக்கும் அம்மாவோடு பேசும்போது இடையில் விழும் சின்ன மௌனங்களுக்குக் காரணம் இந்தத் தூரம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி ஒரே நேரத்தில் நிறுத்துவோம். அதைத் தினமும் அனுபவிக்கிறவன் எழுதிய பக்கத்தில்தான் இந்தப் பிழை.

பந்தியில் ஒரே ஆள்

அந்தப் பக்கத்தை நான் எழுதிய நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் எப்படி ஓடுகிறது என்று புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு விளக்க நான் பந்தியைத்தான் சொல்வேன். இங்கே கோவில் விசேஷம் என்றால் வாழையிலையில் ஏழு கறி. பூசணி, பலாக்காய், கத்தரிக்காய் என்று வரிசையாக விழும். ரசத்தை 'ராசோன்' என்பார்கள். நூறு பேர் உட்கார்ந்திருக்கும் பந்தியில் பரிமாற ஒரே ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள்தான் ஜாவாஸ்கிரிப்ட். ஒருவருக்கு அப்பளம் வேண்டும் என்றால் சமையல்கட்டுக்குக் குரல் கொடுத்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுவான். அப்பளம் பொரியும்வரை அடுப்புப் பக்கத்தில் நிற்கமாட்டான். நின்றால் தொண்ணூற்றொன்பது பேர் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பொரிந்ததும் உள்ளேயிருந்து குரல் வரும், கையில் இருக்கும் கரண்டியை ஊற்றி முடித்துவிட்டுப் போய் எடுத்து வருவான். பாதிக் கரண்டியில் யாரும் அவனை நிறுத்த முடியாது. தொடங்கியதை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. இந்த ஓட்டத்துக்குத்தான் ஈவென்ட் லூப் என்று பெயர். இவ்வளவுதான்.

இதைப் பல வருடம் சொல்லியிருக்கிறேன். பாதிதான் சொல்லியிருக்கிறேன் என்பது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. அப்பளம் கேட்டவர் மூன்றாவது இலை. ஆள் அப்பளத்தோடு திரும்பி வருவதற்குள் அவர் எழுந்து போய்விட்டிருக்கலாம். அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கலாம். இலையே மூடப்பட்டிருக்கலாம். நல்ல பரிமாறுபவன் இலைக்கு முன் வந்ததும் முகத்தைப் பார்ப்பான். நான் எழுதிய ஆள் 'மூன்றாவது இலை' என்று மனப்பாடம் செய்துகொண்டு போய், கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது இலையில் வைத்துவிட்டு வந்தான்.

என்னுடைய குறை எங்கே தொடங்கியது என்று யோசித்தால், எழுத்தின் அழகில் தொடங்கியது என்றே தோன்றுகிறது. 1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப் உலாவிக்காகப் பத்து நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தைச் செய்தபோது, பொத்தானை அழுத்தினால் ஏதோ நடக்க வேண்டும் என்பதுதான் அதன் பெரும் வேலை. பின்னால் சர்வரோடு பேசத் தொடங்கினோம். 2009-இல் ரயன் டால், ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோடைக் காட்டியபின் சர்வரிலும் அதே மொழி. அப்போது எல்லாம் கால்பேக். விடை வந்தால் இதைச் செய், அதற்கு விடை வந்தால் அதைச் செய் என்று ஒன்றுக்குள் ஒன்றாக நிரல் வலப்பக்கமாகச் சரிந்துகொண்டே போகும். அசிங்கமாக இருக்கும். 2015 பதிப்பில் பிராமிஸ், அதாவது பின்னால் வரப்போகும் விடைக்கான ஓர் உறுதிச்சீட்டு, மொழிக்குள் வந்தது. 2017-இல் அசிங்க், அவெயிட் என்ற இரண்டு சொற்கள் வந்தன; விடை வரும்வரை இங்கே காத்திரு என்று நிரலில் நேரடியாக எழுதலாம். சரிந்துகொண்டிருந்த நிரல் நேராக நிமிர்ந்து நின்றது. மேலிருந்து கீழே, கதை படிப்பதுபோலப் படிக்கலாம். நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்று சொல்ல முடியாது. பழைய நிரல் முழுவதையும் ஒரு மழைக்காலத்தில் உட்கார்ந்து மாற்றி எழுதினேன்.

இப்போது எனக்கு அந்த நேர்த்தியின்மேல் ஒரு சந்தேகம். கால்பேக் அசிங்கமாக இருந்தாலும் ஒன்றை மறைக்கவில்லை: இந்த அடைப்புக்குறிக்குள் இருப்பது வேறொரு நேரத்தில், நீ இங்கே இல்லாதபோது ஓடும் என்று அதன் சரிவே சொல்லிக்கொண்டிருந்தது. அவெயிட் அந்தச் சரிவை நீக்கிவிட்டது. ஐந்தாம் வரிக்கும் ஆறாம் வரிக்கும் நடுவே கால் வினாடியோ அரை நிமிடமோ போயிருக்கும். அதற்குள் பயனர் வேறு பக்கத்துக்குப் போயிருப்பார், இன்னோர் எழுத்தைத் தட்டியிருப்பார், கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டிருப்பார். பார்வைக்கோ அடுத்தடுத்த இரண்டு வரிகள். சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. காத்திரு என்றால் எல்லோரும் காத்திருப்பதுபோல ஒரு தோற்றம். காத்திருப்பது நிரலின் அந்த ஒரு துண்டு மட்டும்தான். பந்தி நடந்துகொண்டேதான் இருக்கிறது. தோழர்கள் நான் மிகைப்படுத்துகிறேன் என்கிறார்கள். இருக்கலாம். ஆனாலும் இப்போதெல்லாம் மற்றவர்களின் நிரலைச் சரிபார்க்கும்போது ஒவ்வொரு அவெயிட்டுக்குக் கீழேயும் ஒரு கோடு கிழித்துப் படிக்கிறேன். கோட்டுக்கு மேலே தெரிந்துகொண்ட எதுவும் கோட்டுக்குக் கீழே உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கால்பேக்குக்குத் திரும்பிப் போவேனா? மாட்டேன். அவ்வளவு தியாகம் என்னால் ஆகாது.

முதலில் செய்த தவறான வைத்தியம்

அன்று இரவே சரிசெய்ய உட்கார்ந்தேன். முதலில் கைக்கு வந்தது எல்லோருக்கும் வரும் வைத்தியம்தான்: டிபவுன்ஸ். தட்டுவது நின்று 300 மில்லிவினாடி ஆனபிறகே கேள்வியை அனுப்பு. கேள்விகள் குறையும், மோதலும் குறையும். செய்து முடித்து, நானே பெயரைத் தட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு கேள்விதான் போனது. திருப்தியோடு கணினியை மூடப் போனபோது அந்த ஒற்றை விரல் ஞாபகம் வந்தது. எழுத்துக்கு ஒரு வினாடிக்கு மேல். 300 மில்லிவினாடி என்பது என்னைப்போல் வேகமாகத் தட்டுபவர்களின் கேள்விகளை மட்டும்தான் ஒன்றாக்கும். அவருக்கோ ஒவ்வோர் எழுத்தும் தனிக் கேள்வியாகத்தான் போகும். பிழை யாருக்கு வந்ததோ அவரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லோருக்கும் வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

சரியான மருந்து மூன்று வரிதான். ஒரு பொது எண்ணை வைத்துக்கொள். கேள்வி அனுப்பும் ஒவ்வொரு முறையும் அதில் ஒன்று கூட்டி, அந்த எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு போ. விடையோடு திரும்பியதும் பொது எண்ணும் கையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார். இல்லையென்றால் விடையைக் கீழே போட்டுவிட்டுப் பேசாமல் போய்விடு. இதோடு அபார்ட்கண்ட்ரோலரும் சேர்த்தேன்; புதுக் கேள்வி கிளம்பும்போது பழைய கேள்வியை ரத்து செய்யச் சொல்லும் வசதி. அதை மட்டும் நம்பக்கூடாது. உலாவி பழைய விடையைக் கைவிடும், ஆனால் சர்வர் அந்த வேலையைச் செய்து முடித்திருக்கலாம். தேடலில் அது பரவாயில்லை. பதிவு செய்யும் பொத்தானில் அப்படி இல்லை: பதில் வரவில்லை என்று இரண்டு முறை அழுத்தியவர்களுக்கு இரண்டு சீட்டு அச்சாகியிருந்ததையும் அந்த இரவுதான் கண்டுபிடித்தேன். படிவம் திறக்கும்போதே அதற்கொரு தனி எண்ணைக் கொடுத்து, அதே எண்ணோடு இரண்டாவது முறை வந்தால் முதல் சீட்டையே திருப்பித் தரும்படி சர்வரில் மாற்றினேன்.

இந்த எண் வைக்கும் யோசனை ஏதோ புத்தகத்திலிருந்து வந்ததாகச் சொன்னால் மரியாதையாக இருக்கும். உண்மையில் வானிலை அறிக்கையிலிருந்து வந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னால்தான் பெலால் புயல். ஜனவரி 15 அன்று போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. அப்போது இங்கே புயல் எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை ஏறும். திடீர் வீச்சில் காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் பதிவானால் நான்கு. அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் எச்சரிக்கை எண் ஏறியும் இறங்கியும் ஏறியும் வந்தது. காரணம், யாரோ பழைய அறிக்கையைத் தாமதமாக அனுப்பியிருந்தார்கள். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மா மட்டும் குழம்பவில்லை. மூன்று என்று ஒருவர், இரண்டு என்று இன்னொருவர் அனுப்பியபோது அவர் எண்ணைப் பார்க்கவே இல்லை. அறிக்கையின் தலையில் எத்தனை மணி என்று பார்த்தார். அடுத்த அறிக்கை எப்போது வரும் என்பதும் அதிலேயே இருக்கும். மணி பழையது என்றால் மேற்கொண்டு படிக்கமாட்டார். பல புயல் கண்டவர். அவர் அதைச் செய்தபோது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் நிரலுக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக அன்று தோன்றவில்லை.

மறுநாள் காலையில் சர்வரின் ஒவ்வொரு விடைக்கும் வேண்டுமென்றே தாறுமாறான தாமதம் வைத்து, பெரியவரைப்போலவே ஒற்றை விரலால் ஐம்பது தடவை தட்டினேன். பட்டியல் பின்னோக்கி மாறவில்லை. ஆனால் இன்னொன்றைக் கவனித்தேன்: முறைப்படி வரும் புதிய விடையும், விரல் இறங்கும் அதே நேரத்தில் வந்தால் பெயர் மாறத்தான் செய்யும். எண் வைத்தாலும் அது போகாது. அதனால் தேர்ந்தெடுத்த பெயரைப் பெரிய எழுத்தில் காட்டி 'இவர்தானா?' என்று கேட்கும்படி இன்னொரு படி சேர்த்தேன். கூடுதல் அழுத்தம் ஒன்று தேவைப்படும் பக்கங்களை நான் எப்போதும் கேலி செய்பவன்.

பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க டீச்சரையே அழைத்துக்கொண்டு போனேன். பந்தி, இலை, அப்பளம் எல்லாம் சொல்லி விளக்கினேன். டீச்சர் கிரியோலில் என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார். முழுவதும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்த இன்னொரு முத்துசாமிக்குச் சீட்டு ஒழுங்காகக் கிடைத்ததா? நான் அதைப் பார்த்திருக்கவில்லை. அங்கேயே நின்றுகொண்டு கைப்பேசியில் பார்த்தேன். அவருக்கு இரண்டு சீட்டு போயிருந்தது.

அடுத்த வருடம் தைப்பூசம் பிப்ரவரி 11-இல் வந்தது. பதிவு மேசையில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவரும் பெயரைத் தேடியதும் அவர்கள் கைப்பேசிக்கு மேலே தன் உள்ளங்கையை விரித்து வைத்து, மெதுவாக மூன்று எண்ணி, கையை எடுத்து, திரையில் இருக்கும் பெயரை உரக்கப் படித்தபிறகே தொடச் சொன்னார். "டீச்சர், அதெல்லாம் சரிசெய்துவிட்டேன், இனிமேல் தேவையில்லை" என்றேன். "இருக்கட்டும் தம்பி" என்றார். வரிசையில் பெரியவரின் முறை வந்தது. உள்ளங்கை விரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. டீச்சர் பெயரைப் படித்தார். பெரியவர் "கோரெக்" என்று சொல்லிவிட்டு விரலை இறக்கினார்.